வளர்ச்சி ஹார்மோன்: ஒரு சாம்பியனும் ஒரு ரத்த மாதிரியும்

ஆண்ட்ருஸ் வீர்பாலு எஸ்டோனியாவின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர். 1992 முதல் 2010 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடியவர். 2002இலும் 2006இலும் 15 கிலோமீட்டர் கிளாசிக்கில் தங்கம் வென்றார். 2009இல், 38 வயதில், மறுபடியும் உலக சாம்பியன். ஹார்மோன் மருத்துவரான நான் அவரைப் பற்றிப் பேசுவது, 2011 ஜனவரியில் எடுத்த ஒரு ரத்த மாதிரிக்காக.

அதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசியின் தடயம் இருப்பதாக முடிவு வந்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைப் பல வடிவங்களில் கலந்து சுரக்கும். ஊசி மருந்திலோ ஒரே வடிவம்தான். ஊசி போட்டால் சுரப்பியும் அடங்கிவிடும், கலவையின் விகிதம் மாறும். பரிசோதனை அளப்பது அந்த விகிதத்தை.

சரி, விகிதம் எவ்வளவு ஏறினால் குற்றம்? இங்கேதான் சிக்கல். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு மூன்றாண்டுத் தடை விதித்தது. 2013 மார்ச்சில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை நீக்கியது. பரிசோதனை முறை நம்பகமானதுதான், ஆனால் எல்லை அளவைக் கணக்கிட்ட புள்ளியியல் போதாது என்றது. அவர் ஊசி போட்டிருக்கலாம் எனக் காட்டும் அம்சங்கள் பல உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆக, நிரபராதி என்ற சான்றிதழும் இல்லை. என்னைக் கேட்டால், சரியான தீர்ப்பு. பின்னர் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எல்லைகளைத் திருத்தி வெளியிட்டது.

ஒற்றை எண்ணை நம்பும் சிக்கல் என் மருத்துவத்திலும் உண்டு. என்னிடம் வரும் பெற்றோர், பிள்ளையின் ரிப்போர்ட்டில் வளர்ச்சி ஹார்மோன் எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'குறைவு' என்று இருப்பதைக் காட்டிப் பதறுவார்கள். இது இடைவிட்டு இடைவிட்டுச் சுரக்கும் ஹார்மோன்; தூக்கத்திலும் உடற்பயிற்சியிலும் ஏறும், நடுவில் அளந்தால் சுழியத்தை ஒட்டி நிற்கும். அந்த ஒரு எண்ணை வைத்து ஊசி தொடங்கக் கூடாது. வளர்ச்சி வேகத்தைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் தூண்டல் பரிசோதனை, அதாவது மருந்து கொடுத்து ஹார்மோனைச் சுரக்கவைத்து அளப்பது.

ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போடும் இளைஞர்கள் இன்னொரு ரகம். மோதிரம் இறுகும், விரல் மரத்துப்போகும், மூட்டு வலிக்கும், அப்புறம் சர்க்கரை ஏறும். 'புரோட்டீன் பவுடர் மட்டும்தான் டாக்டர்' என்பார்கள். நாங்கள் கேட்பது போலீஸ் விசாரணை இல்லை. என்ன மருந்து, எத்தனை மாதம் என்று சொன்னால்தான் எதைப் பரிசோதிப்பது என்று தெரியும். பாட்டில் கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.