கொண்டை நிற்க இறுக்கம் தேவையில்லை

பரதநாட்டிய வகுப்புக்கு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே வீட்டில் தலை இழுத்துவிட்டவரின் கைப்பலம் தெரியும். புருவம் மேலே ஏறி, கண்ணோரம் காதுப் பக்கம் இழுபட்டு, நெற்றித் தோல் மினுங்கும். அப்படிக் கட்டிய கொண்டைதான் முதல் அடவுப் பயிற்சியான தட்டடவு முடிந்து அடுத்த நாட்டடவு தொடங்குவதற்குள் சரிந்து பிடரியில் தொங்குகிறது. அடுத்த கிழமை இன்னும் இறுக்குகிறார்கள். அதுவும் சரிகிறது.

கொண்டையை நிறுத்துபவை மூன்று: அடிக்கட்டு இருக்கும் இடம், முடியைச் சுற்றிய விதம், ஊசி போன கோணம். இறுக்கினால் இழுபடுவது மயிர்க்கால்தான், கொண்டையின் பாரம் அப்படியே இருக்கும். வியர்வை இறங்கியதும் எவ்வளவு இறுக்கிய பாண்டும் வழுக்கும்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு 5 நாளும் இரட்டைப் பின்னல், மடித்து ரிபன் கட்டி. சனி, ஞாயிறு நடன வகுப்புக் கொண்டை. 7 நாளும் அதே நெற்றியோர மயிர்தான் இழுபடுகிறது. முதலில் நெற்றிப்பொட்டிலும் காதுக்கு முன்னாலும் சின்னச் சின்னப் பருக்கள் வரும், தொட்டால் நோகும். பிறகு அந்த இடத்தில் அறுந்த கட்டை மயிர்கள். அதன் பிறகு நெற்றி பின்வாங்கியது போலத் தோன்றும்; விளிம்பில் மட்டும் மெல்லிய மயிர் ஒரு வரிசை நிற்க, அதற்குப் பின்னால் வெளித்திருக்கும். ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் மயிர் திரும்ப வரும், மாதம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் என்ற வேகத்தில். வருடக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி மூடிவிடும். பிறகு எந்த எண்ணெயும் அதைத் திறக்காது. "அவள் அப்பம்மாவைப் போல, நெற்றி பெரிசு" என்று சொல்வதற்கு முன் பிள்ளையின் மூன்று வயதுப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கட்டுவதற்கு முதல் நாள் முழுகிய தலைதான் கொண்டைக்கு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை முழுகும் வீடுகளில் சனிக்கிழமை வகுப்புக்குத் தலை தானாகவே பதமாக இருக்கும். வகுப்பன்று காலையில் ஷாம்பு போட்டு முழுகினால் மயிர் வழுவழுத்து ஊசி நிற்காது. எண்ணெய் அப்பினாலும் அதே கதைதான். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அந்த எண்ணெய் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும், பிள்ளை அபிநயத்தை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கும். எண்ணெயை முழுகுவதற்கு முன் வையுங்கள், வகுப்புக்கு முன் வேண்டாம். ஈரத்தலையைக் கட்டவே கூடாது. நனைந்த மயிருக்கு உறுதி குறைவு, இழுத்தால் நீண்டு அறும். மாரி காலத்தில் கொண்டைக்குள் அடைபட்ட ஈரம் பின்னேரம் வரை காயாது. பொடுகு உள்ள தலையில் அது அரிப்பைக் கூட்டும்.

சிக்கெடுப்பது நுனியிலிருந்து. அகலப் பல் சீப்பால் கடைசி ஒரு சாணை முதலில், பிறகு அதற்கு மேலே உள்ள சாணை, கடைசியாக உச்சியிலிருந்து. எப்போதும் ஒரே இடத்தில் உச்சி பிரிக்காமல் ஒவ்வொரு கிழமையும் விரலளவு மாற்றினால் அந்தக் கோடு அகலாது.

அடிக்கட்டு எங்கே? இரண்டு காதின் மேல்நுனியிலிருந்தும் பின்பக்கமாக ஒரு கோடு இழுத்தால் அது சந்திக்கும் இடம். பிடரியில் கட்டினால், முகத்தை நிமிர்த்தும் உத்வாகித சிரசில் கொண்டை கழுத்தில் இடிக்கும். பிள்ளை தலையை உயர்த்தாமல் தாடையை மட்டும் தூக்கிச் சமாளிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றப் பிறகு மாதக்கணக்காகும். உச்சந்தலையில் கட்டினால் பாரம் மேலே போய்விடும். கழுத்தை இடவலமாக நகர்த்தும் சுந்தரி கிரீவத்தில் கொண்டை தன் பாட்டுக்கு ஆடும்.

துணி சுற்றிய பாண்ட் பாவியுங்கள். மஞ்சள் றப்பர் பாண்ட் கடையில் பொதி கட்டுவதற்கு. கழற்றும்போது மயிரையும் கொண்டே வரும். 2 அல்லது 3 சுற்றுப் போதும். கட்டியதும் பிள்ளையைப் புருவம் உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றி நோகுதென்றால் இறுக்கம் கூடிவிட்டது. இரண்டு பெருவிரலாலும் பாண்டுக்கு முன்னாலுள்ள மயிரை நெற்றிப் பக்கமாக நெல்லளவு தள்ளிவிடுங்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, வேருக்குத் தெரியும். முன்னால் பறக்கும் குட்டி மயிருக்குக் கற்றாழைச் சாறோ ஈரக்கையோ போதும், அதையும் சேர்த்து இழுத்துக் கட்ட வேண்டாம்.

இடுப்பளவு முடி என்றால் ஒரே கட்டில் முழுப் பாரத்தையும் தொங்கவிடாதீர்கள். காதுக்கு மேலுள்ள பாதியை முதலில் ஒரு பாண்டால் கட்டி, மீதியை அதோடு சேர்த்து இரண்டாவது பாண்ட் போடுங்கள். பாரம் இரண்டாகப் பிரியும்.

இனிச் சுற்று. முடியை முறுக்கிச் சுற்றுவதைவிடப் பின்னிச் சுற்றுவது உறுதி. பின்னலில் ஒரு பிரி மற்றதைப் பிடித்துக்கொள்கிறது, ஊசிக்கும் கோர்க்க இடம் கிடைக்கிறது. முதல் சுற்று பாண்டை ஒட்டித் தலையில் படிய வேண்டும். இரண்டாவது சுற்று அதற்கு வெளியே, அதற்கு மேலே அல்ல. முறுக்குப் பிழிவது போல, தட்டையாக. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கொண்டை தலையிலிருந்து விலகி நிற்கும், ஒவ்வொரு தட்டுக்கும் ஆடி ஆடித் தன் ஊசியைத் தானே கழற்றும். நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள்.

ஊசியில்தான் அதிகம் பிழைக்கிறது. கவடுள்ள கொண்டை ஊசியை நேரே குத்தினால் நேரே வெளியே வரும். விளிம்பில் நிமிர்த்திக் குத்தி, பின்னலின் கொஞ்ச மயிரைக் கோர்த்து, நுனி தலையைத் தொட்டதும் ஊசியை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்து, கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். இப்போது அது பின்னலையும் அடிமயிரையும் சேர்த்துப் பூட்டியிருக்கும். மணிக்கூட்டின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் 4 ஊசி, அடர்ந்த முடிக்கு இடையில் இன்னும் 2 முதல் 4. நேரே குத்திய 15 ஊசியைவிடப் பூட்டிய 6 ஊசி நிற்கும். தட்டைக் கிளிப்பில் நெளிந்த கால் தலைப் பக்கம் இருக்க வேண்டும், பலர் மாறிப் போடுகிறார்கள். கிளிப்பைப் பல்லால் விரித்தால் நுனியிலுள்ள குமிழ் கழரும், பல்லும் தேயும். குமிழ் போன கிளிப் தலைத்தோலைக் கீறும், எறிந்துவிடுங்கள். கல்லடியிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் கடற்காற்றுக்கு ஊசி சீக்கிரம் கறள் பிடிக்கும். இறுக்கி மூடிய போத்தலில் நாலு அரிசியோடு போட்டு வைத்தால் கொஞ்சக் காலம் தாங்கும்.

கடைசியாகக் கொண்டை வலை. முழுவதும் மூடி, அடியில் ஒருமுறை முறுக்கித் திரும்பவும் மேலே போடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தலையைக் குனிந்து நிமிர்த்தி, இரண்டு பக்கமும் திருப்பி, 5 தரம் குதித்து, ஒரு சுற்றுச் சுற்றட்டும். கொண்டை கீழே சரிந்தால் 12 மணி ஊசி பூட்டவில்லை. முழுக் கொண்டையும் இடம் மாறினால் பிழை பாண்டில், ஊசியைக் கூட்டிப் பயனில்லை. வெளிச்சுற்று மட்டும் தளர்ந்தால் ஊசி உள்சுற்றை எட்டவில்லை.

எண்ணித்தான் ஊசி குத்த வேண்டும், எண்ணித்தான் கழற்ற வேண்டும். வெறுங்காலோடு, முழங்கால் மடித்து அரைமண்டியில் தட்டி ஆடும் இடத்தில் ஒரு கொண்டை ஊசி விழுந்து கிடப்பது சின்ன விசயமல்ல. கறள் பிடித்த ஊசி உள்ளங்காலில் ஏறினால் காயத்தைக் கழுவி, ஏற்புத் தடுப்பூசி போட்ட காலத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். வகுப்பு இடைவேளையில் தரையை ஒருமுறை கூட்டுவது ரீச்சர்மாருக்கும் பாரமாகாது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டையே வேண்டாம். பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னலைத் தளர்த்தி, பின்னால் குறுக்காக எடுத்து, இடப் பின்னலை வலக் காதுக்குப் பின்னாலும் வலதை இடதுக்குப் பின்னாலும் 2 கிளிப்பால் பிடித்துவிட்டால் போதும். ஒற்றைப் பின்னலோடு வருபவர்கள் நுனியை இடுப்பில் கட்டிய சோலுக்குள் செருக வேண்டும். வேகமாகச் சுற்றும்போது நீளப் பின்னல் சாட்டை மாதிரி, அடிபடுவது பக்கத்துப் பிள்ளையின் கண்.

பரீட்சைக்கும் அரங்கேற்றத்துக்கும் சவுரி, குஞ்சம், ராக்கொடி, நெற்றிச்சுட்டி எல்லாம் ஏறும், அது வேறு பாரம். சவுரியைப் பிள்ளையின் பின்னலில் தொங்கவிடாமல் அடிக்கட்டிலேயே கறுப்பு நூலால் கட்டுங்கள். மேடைக்கு முன் ஒரு முழு ஒத்திகையாவது அதோடு ஆடட்டும். ஆடி முடிந்ததும் படம் எடுக்கிறோம் என்று இரவு வரை அதோடு வைத்திருப்பதுதான் பெரிய கொடுமை.

வகுப்பு விட்டதும் கொண்டையை அவிழ்த்து, வேர்வை காய விரலால் கோதிவிடுங்கள். கொண்டையோடு படுக்க வேண்டாம். ஞாயிறு பின்னேரமும் வீட்டில் இருக்கும் பொழுதுகளிலும் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போதும். சீப்பு, பாண்ட், வலை ஆளுக்கு ஒன்று. பேனும் தலைப்படையும் இவற்றால்தான் கைமாறுகின்றன. வட்டமாகச் செதில் உதிர்ந்து, அந்த இடத்து மயிர் கட்டையாக அறுந்திருந்தால் அது படையாக இருக்கலாம். தலைப்படைக்குப் பூசும் மருந்து மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். அதற்கும், சீழ் வைத்த பருவுக்கும், கட்டு அவிழ்த்து இரண்டு நாளாகியும் தீராத நோவுக்கும் பிள்ளையைத் தோல்நோய் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல், பின்னாமல் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பார்க்க வசதி.