ரௌட்டருக்கு பேட்டரி கிடையாது

மதியம் மூன்றரை மணி இருக்கும். பாடாங் செராயில் அந்த நேரத்தில் வானம் கறுத்தால் அடுத்து என்ன என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் ஒரு பி.எம்.டபிள்யூ எஃப்30 நின்றது. கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காடி. கியர்பாக்ஸின் கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரே ஒரு இடி. கடையின் டிரிப் சுவிட்ச் விழுந்தது, விளக்கும் காற்றாடியும் நின்றன.

லேப்டாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் பேட்டரி இருக்கிறது. காடிக்குக் கொடுத்திருந்த சார்ஜர் நின்றாலும் காடியின் பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில், சுவரில் ஆணியடித்து மாட்டிய ரௌட்டர் செத்துப்போயிருந்தது. அதற்கு ஏது பேட்டரி? காடியிலிருந்து ரௌட்டருக்கு கேபிள், ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வைஃபை என்று நான்தான் போட்டிருந்தேன். எதற்காக? காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கத்தான்.

கரண்ட் வந்தபோது கியர் பார்க்கை விட்டு நகரவில்லை. காடியை லாரியில் ஏற்றி பட்டர்வொர்த்தில் இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் ஒருவரிடம் அனுப்பி மீட்டேன். அந்த வேலைக்கு நான் வாங்கவிருந்த கூலியைப்போல் மூன்று மடங்கு கைக்காசு போயிற்று.

காடிக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று பழைய போமன்கள் கேட்பார்கள். நியாயம்தான். புது மைவியோ சாகாவோ வந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறோம். 6-ஆம் ஊசியிலும் 14-ஆம் ஊசியிலும் கேன், அதாவது காடிக்குள் கணினிகள் பேசிக்கொள்ளும் கம்பி வழி, ஓடுகிறது, வேலை முடிந்தது. பிழைக்குறியீடு படிக்க அந்த வேகம் தாராளம். ஆனால் கேனின் வழக்கமான வேகம் வினாடிக்கு 500 கிலோபிட். இன்றைய காடிக்குள் இருக்கும் கணினிகளுக்கு மென்பொருள் மாற்ற அந்த வேகத்தில் உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதனால்தான் அதே சாக்கெட்டில் ஈதர்நெட்டையும் கொண்டுவந்தார்கள். 100 மெகாபிட், அதாவது 200 மடங்கு. எஃப் தொடர் பி.எம்.டபிள்யூவில் 3, 11, 12, 13 ஆகிய நாலு ஊசிகளும் நேராக நம் வீட்டு இன்டர்நெட் கேபிளின் தலைக்குப் போகின்றன. ஈதர்நெட்டை எழுப்புவதற்கு 8-ஆம் ஊசி. கேபிளுக்குள் 16-க்கும் 8-க்கும் நடுவில் 510 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். மலிவுக் கேபிள் வேலை செய்யாவிட்டால் முதலில் அதை மீட்டர் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பைத் திட்டுவதெல்லாம் அப்புறம்.

எஃப் தொடர் தன் சொந்த பாஷையில் பேசும். பின்னால் வந்த பல கம்பெனிகள் ஐ.எஸ்.ஓ. 13400 என்ற பொது முறைக்கு வந்துவிட்டன. அதன் போர்ட் எண்ணும், அதாவது நெட்வொர்க்கில் அது பேசும் வாசலின் எண்ணும், 13400தான், மறக்கவே முடியாது. அந்த முறையில் காடி நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் "நான் வந்துவிட்டேன்" என்று மூன்று முறை கூவும். கூவும்போது தன் 17 எழுத்து சேசிஸ் எண்ணையும் சேர்த்தே சொல்லும். யாருக்கு? அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாருக்கும். கடையின் வைஃபையில் அந்த நேரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். காத்திருக்கும் வாடிக்கையாளர், அவர் பிள்ளை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைப் பையன், கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கும் கேமரா.

அதனால் என் பட்டறையில் இப்போது ஒரே சட்டம்தான். ஒரு காடி, ஒரு கேபிள், ஒரு லேப்டாப். நடுவில் எதுவும் கிடையாது, பக்கத்தில் யாரும் கிடையாது.

இப்படி நேராகச் செருகும்போதுதான் புதிதாக வரும் தம்பிகள் தடுமாறுகிறார்கள். "அண்ணே, காடி வரலே" என்று ஐந்து வினாடியில் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். ரௌட்டர் இருந்தால் ஐ.பி. முகவரியை அது கொடுத்துவிடும். இல்லாதபோது லேப்டாப்பும் காடியும் "யாராவது முகவரி தருவார்களா" என்று கொஞ்ச நேரம் காத்துக் கிடக்கும். யாரும் தரவில்லை என்றால் தாங்களே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். இதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகலாம். இக்னிஷனைப் போடு, கேபிளைச் செருகு, போய் ஒரு வாய் தே ஓ குடித்துவிட்டு வா என்பேன். திரும்பி வந்து விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் ஐ.பி.கான்ஃபிக் என்று அடித்து, 169.254 வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். வந்திருந்தால் கேபிள் சரி, காடியும் விழித்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

அதற்கப்புறமும் மென்பொருளில் காடி தெரியாவிட்டால் லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். மென்பொருள் "யாரங்கே" என்று கூப்பிடும் குரல் கேபிள் பக்கம் போகாமல் வைஃபை பக்கம் போய்விடுவது அடிக்கடி நடக்கும். வி.பி.என். போட்டு வைத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

கடைசியாக ஃபயர்வால். முகம் தெரியாத நெட்வொர்க் என்றால் விண்டோஸ் அதைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டு கதவை அடைத்துவிடும். காடி பதில் சொல்லும், லேப்டாப் காதில் வாங்காது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அணைத்ததை மறுபடி போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுக்க விண்டோஸிலேயே இடம் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது பென்டிரைவ் மென்பொருளில்தான். யாரோ உடைத்த பதிப்பு, கை மாறி கை மாறி வந்திருக்கும். கூடவே ஒரு குறிப்பு: ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும். அந்த லேப்டாப்பில்தான் வாடிக்கையாளரின் பெயர், ஐ.சி. எண், காடி எண் எல்லாம் இருக்கும். அதே லேப்டாப்பை நாளைக்கு இன்னொருவர் காடியின் மூளையில் செருகப் போகிறோம். திருட்டுச் சாவி செய்து கொடுத்தவனையே வீட்டுக் காவலுக்கு வைப்பது மாதிரி இருக்கிறது இது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதான். நான் சில கம்பெனிக் காடிகளைத் தொடுவதே இல்லை.

சரி, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். காடி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது.

எங்கள் தாமானில் ஒரு பெரியவர், செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்லைனில் முப்பது வெள்ளிக்கு ஒரு வைஃபை டோங்கிள், அதே 16 ஊசி சாக்கெட்டில் செருகும் குட்டிக் கருவி, வாங்கி மைவியில் செருகி, கைப்பேசியில் இன்ஜின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பிறகு கழற்றவில்லை. மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் காடி ஸ்டார்ட் ஆகவில்லை. சாக்கெட்டின் 16-ஆம் ஊசியில் சாவி இல்லாமலேயே பேட்டரி கரண்ட் வரும். டோங்கிள் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட பத்து நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். மைவியில் போடும் சின்ன பேட்டரியின் கொள்ளளவே 35தான்.

பேட்டரி மாற்றும்போது வைஃபையைப் பற்றியும் சொன்னேன். "இந்த எஸ்டேட் ஊர்ல யாரு தம்பி வந்து என் காடியை ஹேக் பண்ணப் போறா?" என்று சிரித்தார். 2015-இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே ஆட்டிவைத்துக் காட்டியதையும், அமெரிக்காவில் 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டதையும் சொன்னேன். அது ஜீப்பு, அது அமெரிக்கா என்றார். ஒரு வகையில் அவர் சொன்னது சரி. அவர்கள் பல மாதம் உழைத்து, செல்பேசி வலை வழியாக உள்ளே போனார்கள். இவருடைய டோங்கிளுக்கோ உழைப்பே தேவையில்லை. அது தானே ஒரு வைஃபையை உண்டாக்கும், பெரும்பாலும் பாஸ்வேர்டு கிடையாது, முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. சந்தையில் உள்ள டோங்கிள்களில் அநேகம் இப்படித்தான். இன்ஜின் சூட்டைப் படிக்கும் அதே வழியில் காடிக்குள் கட்டளையும் அனுப்பலாம்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மைவி உள்ளே நின்றது, கேட் பூட்டியிருந்தது. பார்க்கலாமா ஐயா என்று கேட்டேன், பாரேன் என்றார். ரோட்டில் நின்றபடியே கைப்பேசியை எடுத்தேன். வைஃபை பட்டியலில் டோங்கிளின் பெயர் வந்தது. தொட்டேன், சேர்ந்தது. ஒரு கேள்வி அனுப்பினேன், 12.4 வோல்ட் என்று பதில் வந்தது. கேட் கம்பி வழியாகக் கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது என் காடியா?"

ஆமாம் என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சாவி எடுக்க உள்ளே போனார்.