மொரட்டோரியம்: தடையா, தடைக்காலமா, நிறுத்திவைப்பா?

2020 ஊரடங்கில் கடன் தவணையைச் சில மாதம் கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னபோதுதான் ‘மொரட்டோரியம்’ நம்மில் பலருக்கு அறிமுகமானது. இப்போது அதே சொல், கடலடியில் கனிமம் எடுக்கும் ஆழ்கடல் சுரங்கச் செய்திகளில் அடிபடுகிறது. தமிழில் அதைத் தடை என்கிறோம், தற்காலிகத் தடை என்கிறோம், ஒத்திவைப்பு என்றும் எழுதுகிறோம். எல்லாம் ஒன்றல்ல.

இலத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். கடனாளிக்குச் சட்டம் தரும் அவகாசம் என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. கடன் தள்ளுபடி ஆகாது, கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கடலுக்கு வந்தபோது பொருள் சற்று இறுகியது. 1982இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் எடுத்த முடிவை உலகமே மொரட்டோரியம் என்கிறது. ஆனால் அந்த விதியில் அந்தச் சொல்லே இல்லை! வணிக வேட்டைக்கான வரம்பு ‘சுழியம்’ என்றுதான் இருக்கிறது. 1990க்குள் விரிவாக மதிப்பிட்டு மறுபரிசீலனை செய்யலாம் என்றார்கள். அந்தச் சுழியம் இன்றும் நீடிக்கிறது.

ஆழ்கடல் சுரங்கத்தில் கதை வேறு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடற்படுகையை நிர்வகிப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையம். 2021 ஜூனில் நவுரு என்ற குட்டித் தீவுநாடு, இரண்டு ஆண்டுக்குள் சுரங்க விதிகளை முடியுங்கள் என்று ஒரு ஷரத்தைக் காட்டி நெருக்கியது. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதிகள் முடியவில்லை. இதற்கிடையில் 800க்கும் மேற்பட்ட கடலியல், கொள்கை வல்லுநர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்டது நிரந்தரத் தடை அல்ல. போதுமான, உறுதியான அறிவியல் தகவல் கிடைக்கும்வரை கனிமம் எடுக்கத் தொடங்க வேண்டாம் என்பதே கோரிக்கை. பிரான்ஸ் முழுத் தடை கேட்டது, பலாவும் ஃபிஜியும் மொரட்டோரியம் என்றன, சிலியும் கோஸ்டாரிகாவும் ‘முன்னெச்சரிக்கை இடைநிறுத்தம்’ என்றன.

விஞ்ஞானிகளின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால், நாலாயிரம் மீட்டருக்கும் அதிக ஆழத்தில், ஜெர்மானிய ஆய்வாளர்கள் சோதனைக்காகக் கடற்படுகையை உழுதார்கள். 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் கலப்பைத் தடம் அப்படியே இருந்தது. அங்குள்ள நுண்ணுயிர்களின் செயல்பாடும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நிறுவனங்கள் எடுக்க நினைக்கும் உலோக உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். இவற்றையெல்லாம் எடைபோட்டு ஆலோசனை சொல்ல வேண்டிய, கடற்படுகை ஆணையத்தின் சட்ட, தொழில்நுட்பக் குழு பெரும்பாலும் மூடிய அறையில் கூடுகிறது. வெளியே இருக்கும் விஞ்ஞானிகள் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து, பேச வாய்ப்பு வரும்போது பேசுகிறார்கள். 2025 முதல் ஆணையத்தின் தலைமைச் செயலர் பொறுப்பில் கடலியலாளர் ஒருவரே, பிரேசிலின் லெட்டீசியா கார்வால்யோ, இருக்கிறார். அவருக்கு முன் இருந்தவர் வழக்கறிஞர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தடைக்காலம்’ நல்ல சொல். நம் மீனவர்களுக்கு அது ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். ஆனால் அதற்கு முடிவுத் தேதி உண்டு. ஆழ்கடல் மொரட்டோரியம் முடிவது நாள்காட்டியைப் பார்த்து அல்ல, அறிவு சேர்ந்ததைப் பார்த்து. ‘ஒத்திவைப்பு’ என்றால் என்றாவது நடந்தே தீரும் என்ற தொனி வந்துவிடுகிறது. என் தேர்வு ‘நிறுத்திவைப்பு’. தண்டனை நிறுத்திவைப்பு என்று நீதிமன்றச் செய்திகளில் ஏற்கெனவே புழங்குகிறது. மறுபடி தொடங்குமா என்பதை அது திறந்தே வைக்கிறது.

அப்புறம் ஒன்று. நிறுத்திவைக்கச் சொல்வது அகழ்ந்தெடுப்பதை, ஆராய்வதை அல்ல. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இந்தியா வைத்திருப்பதும், அதற்காகச் சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உழைப்பதும் ஆய்வு ஒப்பந்தத்தின் கீழ்தான். ஒப்பந்த மொழியில் அடுத்த கட்டத்துக்கு உள்ள ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ (exploitation) என்ற சொல்லைச் சிலர் ‘சுரண்டல்’ என்று பெயர்க்கிறார்கள். அது தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறது; ‘அகழ்ந்தெடுப்பு’ போதும்.