நூறு நாள் வேலை: ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம். 2025 டிசம்பரில் இதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது, இங்கே சொல்வதெல்லாம் 2005 சட்டப்படி. கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை, தமிழ்நாட்டில் 2025-26-ல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கம் யாரைக் கேட்டாலும் "வேலை வந்தா கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க" என்கிறார்கள். இங்கேதான் கோட்டை விடுகிறோம். வேலையை நீங்கள் ஊராட்சியில் எழுதிக் கேட்க வேண்டும், கேட்ட 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதாவது 2025-26 கூலிப்படி 84 ரூபாய், அப்புறம் பாதி. அந்தப் பணம் மாநில அரசின் கையிலிருந்து போகிறது. 15 நாளை எண்ணத் தேதி போட்ட ரசீது வேண்டும். அது ஏன் லேசில் கைக்கு வருவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஊராட்சிச் செயலர் மீட்டிங் போயிருக்கிறார், சீல் இல்லை, நெட் வரவில்லை என்பார்கள். சரி, அங்கே நின்று சண்டை போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து வேலை வேண்டும் என்று எழுதி அதே மனுவை பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் கொடுங்கள், அங்கேயும் வாங்கியாக வேண்டும். அங்கும் இழுத்தடித்தால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முகவரியில் காட்பாடி என்று இருப்பவர்கள் முதலில் வீட்டுவரி ரசீதைப் பாருங்கள். ஊராட்சி என்றால் வேலை உண்டு. மாநகராட்சி என்றால், வீடு வயலுக்கு நடுவில் இருந்தாலும் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிடலாம், அலையவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

100 நாள் குடும்பத்துக்கு, ஆளுக்கு இல்லை. தனிக்குடித்தனம் போன மகன் தனி வேலை அட்டை கேட்கலாம். தனியாக வாழும் பெண்ணும் சட்டப்படி ஒரு குடும்பம்தான், "ஆம்பளை இல்லாம அட்டை எப்படி" என்று கேட்டால் அசரவே வேண்டாம்.

வேலை செய்தும் கூலி வராததற்கு ஒரு காரணம் ஆதார். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்கா பாஸ்புக்கை நீட்டினார், கடைசி வரி தீபாவளிக்கு முந்தையது. பணம் வந்துதான் இருந்தது, குழுக் கடனுக்காகத் திறந்த வேறொரு வங்கிக் கணக்கில், தவணைக்குக் கழித்தது போக மிச்சம். ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ கூலி அங்கேதான் போகும். யாராவது புதுக் கணக்கு திறக்கக் கைரேகை கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுப்பார்கள், இரண்டாவதுக்கு முன் கிளம்பினால் அன்றைய கூலி போச்சு. வேலை அட்டையை மட்டும் பணித்தளப் பொறுப்பாளரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். செய்த நாள் அதில் ஏறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.