சொல் விளக்கம்: சீல் – கழுத்துச் செறிபட்டை

மதுரையில் ‘சீல்’ என்றால் என்ன பொருள் என்பது கேட்பவரின் தொழிலைப் பொறுத்தது. வரி பாக்கி வைத்த கடைக்கு அதிகாரிகள் வைப்பது சீல். தாலுகா ஆபீசில் மனுவின் மேல் குத்துவது சீல். ஒர்க்ஷாப்பில் கேட்டால் பைக்கின் முன் போர்க்கில் ஆயில் ஒழுகாமல் பிடிக்கும் வளையம். ஸ்கூபா முக்குளிப்போர் குளிர்கடலில் அணியும், உள்ளே நீர் புகாத டிரைசூட்டில் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையும் சீல்தான். இந்தக் கடைசிச் சீலை ‘கழுத்து முத்திரை’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவருக்குப் பச்சை குத்திய ஞாபகம்தான் வரும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சிக்னும்’ என்றால் அடையாளம். ‘சிகில்லும்’ என்றால் சிறு அடையாளம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடிதத்தை மடித்து, மடிப்பில் அரக்கை உருக்கி ஊற்றி, அதன்மேல் மோதிரத்தை அழுத்துவார்கள். மோதிரம் பதித்தது அடையாளம். ஆனால் கடிதத்தை மூடியது அரக்கு. நாளடைவில் சொல் மோதிரத்திலிருந்து அரக்குக்கு நகர்ந்துவிட்டது. காற்றும் நீரும் புகாமல் காக்கும் எல்லாமே சீல் ஆனது இப்படித்தான். (பனிக்கடலில் வாழும் சீல் என்ற விலங்குக்கும் இதற்கும் உறவில்லை; அது பழைய ஆங்கிலத்தின் வேறொரு சொல்.) தமிழில் ‘முத்திரை’ மோதிரத்தோடு நின்றுவிட்டது, அரக்கின் பக்கம் வரவில்லை. அதனால் கசிவு சம்பந்தப்பட்ட இடங்களில் அந்தச் சொல் பொருந்தாது.

‘அடைப்பு’ என்று சொல்லலாமா? பாதி சரி. 1830களில் லண்டனில் அகஸ்டஸ் சீபி வடிவமைத்த மூடிய முக்குளிப்பு உடையில், உடையின் ரப்பர்க் கழுத்தை உலோகத் தோள்கவசத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். அது அடைப்பு. இன்றைய டிரைசூட்டில் போல்ட்டும் கிடையாது, பசையும் தோலில் படாது. மெல்லிய ரப்பர் தன் இழுவிசையால் கழுத்தைத் தழுவிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் வேர்ச்சொல் தயாராகவே இருக்கிறது: செறி. சங்கப் பாடல்களில் வரும் ‘செறிதொடி’ கையை நெருங்கிப் பிடித்த வளையல். பிரிவில் கை மெலிந்தால் தொடி நெகிழும். மகளை வீட்டுக்குள்ளேயே இருத்திவைப்பது ‘இற்செறிப்பு’. நெருங்கிப் பிடிப்பது, உள்ளே காப்பது என்ற இரண்டு பொருளும் ஒரே வேரில் இருக்கின்றன. செறிதொடி போலவே செறிபட்டை. கழுத்தில் இருப்பது கழுத்துச் செறிபட்டை, கையில் இருப்பது மணிக்கட்டுச் செறிபட்டை. கசிவது செறிபட்டையின் நெகிழ்வு. ஒட்டி அடைக்கவேண்டிய ஓட்டையா, பிடி தளர்ந்த நெகிழ்வா என்று முதலில் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பழுதுபார்ப்பில் பாதி வேலை முடிந்தது.

டிரைசூட்டை ‘உலர் உடை’ என்கிறார்கள். பரவாயில்லை, ‘நீர்புகா உடை’ இன்னும் தெளிவு. மன்னார் வளைகுடாவில் இது தேவைப்படாது. அங்கே தண்ணீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல்தான். குளிர்கடல் வேலைக்குப் போய்வருபவர்களின் பெட்டியில்தான் இது ஊருக்கு வந்து சேரும். குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சும் என்பதால், கழுத்து வழியே ஒரு டம்ளர் நீர் புகுந்தாலே முக்குளிப்பு வீண்.

எங்கே நனைகிறது என்று பாருங்கள். காறை எலும்பும் நெஞ்சும் நனைந்தால் கழுத்து. இடது மேற்கை மட்டும் என்றால் அங்குள்ள காற்றுப்போக்கி வால்வு. தோளுக்குக் குறுக்கே முதுகு என்றால் ஜிப். உள்ளாடை முழுக்கச் சீராக ஈரமாக இருந்தால் அது வியர்வையாகக்கூட இருக்கலாம். அடுத்தது சோப்புநீர்ச் சோதனை. மணிக்கட்டுகளில் குளிர்பானப் பாட்டிலையும் கழுத்தில் ஒரு ரப்பர்ப் பந்தையும் செருகி, காற்றுப்போக்கியை முழுக்க முடுக்கி, உடையில் காற்றேற்றுங்கள். சோப்புநீரைப் பிரஷ்ஷால் தடவினால், கிழிசலோ பசை விட்ட இடமோ இருக்குமிடத்தில் குமிழ் வரும். கேஸ் டியூபுக்கு வீட்டில் செய்யும் அதே சோதனைதான். குமிழே வராவிட்டால் செறிபட்டை நல்லது என்று அர்த்தமில்லை. பந்து உருண்டை, கழுத்து அப்படியல்ல. தலையைத் திருப்பும்போது பக்கத் தசைநார் புடைத்து, அதன் ஓரத்தில் ஒரு வாய்க்கால் திறக்கும். நீர் அதன் வழியே வரும்.

இந்த நெகிழ்வுக்குக் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை: பட்டைக்கு அடியில் மாட்டிய நாலு முடி, தலையுறையின் ஓரம், உள்ளாடையின் காலர், விரலால் தடவிப் பார்க்காமல் விட்ட ஒரு சுருக்கம். லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) பட்டை சுருக்கமில்லாமல் தோலில் படிந்திருக்கவேண்டும். நியோப்ரீன் (நுரைபோன்ற செயற்கை ரப்பர்) பட்டையை அப்படி விட்டால் கசியும்; அதன் விளிம்பை உள்பக்கமாக மடித்து, வழுவழுப்பான பக்கம் தோலில் படும்படி வைக்கவேண்டும். மேலூர்ப் பக்கம் அடிபம்பு ரிப்பேர் பார்த்தவருக்கு இது உடனே புரியும். பம்புக்குள் கிண்ணம் போன்ற தோல் வாசரின் விளிம்பைத் தண்ணீரே சிலிண்டர் சுவரில் அழுத்தும். அழுத்தம் கூடக்கூடப் பிடியும் கூடும். மடித்த நியோப்ரீனை உடைக்குள் இருக்கும் காற்று அதே மாதிரி கழுத்தில் அழுத்துகிறது.

புதுப் பட்டை இறுக்கமாக இருந்தால் நியோப்ரீனை வெட்டாதீர்கள். கழுத்தைவிடச் சற்றுப் பெரிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஓரிரவு மாட்டி வையுங்கள், தளரும். லேடெக்ஸ் இப்படித் தளராது. கூம்பு வடிவப் பட்டையின் நுனியிலிருந்து வளையம் வளையமாக நறுக்கவேண்டும். ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும். கூர்மையான கத்தரியால் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டவேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அங்கே ஒரு சிறு பல் விழும், கிழிசல் அதிலிருந்துதான் ஓடும். வெட்டியபின் தரையிலேயே பதினைந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். முகம் சிவந்தாலோ தலை சுற்றினாலோ கழற்றிவிடுங்கள். கழுத்துத் தமனியில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்கலாம் என்ற நினைப்பு ஆபத்தில் முடிவது இங்கேதான்.

இனி ஓட்டை. லேடெக்ஸின் நடுவில் ஊசித்துளை என்றால் சைக்கிள் கடை முறையே போதும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பேட்சை அழுத்தவேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் பேட்ச் கழன்று வந்துவிடும். பஞ்சர் கடையில் சொல்யூஷனை ஊதிக் காயவைப்பது சும்மா இல்லை. விளிம்பில் விழுந்த கிழிசலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. மாட்டும்போது அதிகம் இழுபடும் இடம் விளிம்புதான், பேட்ச் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காது. பட்டையில் நீளம் மிச்சமிருந்தால் கிழிசலோடு ஒரு வளையத்தை நறுக்கிவிடலாம். இல்லாவிட்டால் பட்டையையே மாற்றவேண்டும்.

மாற்றும்போது பழைய லேடெக்ஸை ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி உரியுங்கள். உடையின் கழுத்து வாய்க்குச் சரியான அளவில் ஒரு வட்டப் பலகை வெட்டி உள்ளே வைத்தால்தான் ஒட்டும் பரப்பு சுருங்காமல் நிற்கும். புதுப் பட்டையும் உடையும் 2 முதல் 2.5 செ.மீ. மேவவேண்டும், அந்த எல்லைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பரப்பையும் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். அக்வாசீல் போன்ற யூரித்தேன் பசையை (பெயரிலேயே ஒரு சீல்) மெல்லிசாகப் பூசி, பட்டை கோணாமல் உட்கார நாலு திசையிலும் அடையாளப் புள்ளி வைத்து, பட்டையைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழைத் தள்ளி, மேலே டேப் சுற்றி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். சிலிக்கோன் பட்டையில் இந்தப் பசைகள் எதுவும் ஒட்டாது. அதனால்தான் அது கழற்றி மாட்டும் வளையத்தோடு வருகிறது.

லேடெக்ஸைக் கெடுப்பவை எண்ணெய், வெயில், ஓசோன், செம்பு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டினால் பட்டை சில மாதங்களில் பிசுபிசுத்துவிடும். பித்தளைக் குடத்தில் மாட்டி உலர்த்தவும் கூடாது. பொறிபறக்கும் மோட்டார் ஓசோனைக் கிளப்பும், எனவே பம்ப்செட் அறையில் தொங்கவிடாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மணமில்லாத டால்க் தூவி, மடிப்பு விழாமல் சுருட்டி, உள்ளறை பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.