‘கடினமான’ தைலமரம்: ‘ஹார்டி’ என்ற சொல்லுக்குத் தமிழ் எது?

விதைப் பொட்டலங்களிலும் வீட்டுத் தோட்டம் பற்றிய மொழிபெயர்ப்புக் குறிப்புகளிலும் ‘கடினமான யூக்கலிப்டஸ் மரத்தை வளர்ப்பது எப்படி’ என்ற தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘ஹார்டி’ என்ற ஆங்கில அடைமொழிக்குக் ‘கடினமான’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியிலோ தொண்டியிலோ இதைப் படிப்பவர், வளர்ப்பதற்குச் சிரமமான மரம் என்றுதான் பொருள் கொள்வார். எழுதியவர் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிரானது.

யூக்கலிப்டஸ் என்பது கிரேக்க வேர்களால் ஆன பெயர். ‘நன்கு மூடப்பட்டது’ என்று பொருள். மொட்டின் மேல் சிறு மூடி ஒன்று இருக்கும்; பூ விரியும்போது அது கழன்று விழும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1788இல் இட்ட பெயர் இது. நமக்குத் தைலமரம் என்ற வழக்கே போதும். (ஆர்.எஸ்.பதி மரம் என்றும் நம் பக்கம் சொல்வதுண்டு. தைலம் விற்ற வணிகப் பெயர் மரத்துக்கே பெயராகிவிட்டது.) ‘ஹார்டி’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, முதலில் துணிவுள்ள என்றே பொருள்பட்டது. தோட்டக்காரர்கள் பின்னர் அதைத் திறந்த வெளியில் குளிர்காலத்தைக் கடந்து பிழைக்கும் செடிக்கு வைத்தார்கள்.

‘கடினமான’ என்பதற்குச் சிலர் சமாதானம் சொல்கிறார்கள்: மரம் உறுதியானது என்ற பொருளில் எடுத்துக்கொள்ளலாமே என்று. அதுவும் பொருந்தாது. மரக்கட்டையின் உறுதிக்குத் தமிழில் காழ் என்றும் வைரம் என்றும் சொற்கள் உண்டு; அகக்காழ் உள்ளது மரம், புறக்காழ் உள்ளது புல் என்று பிரித்துப் பனையைப் புல்லின் பக்கம் வைத்த தொல்காப்பிய மரபு நம்முடையது. இன்னும் சிலர் தூய தமிழில் ஆக்கித் தருவதாக எண்ணி ‘வன்மரம்’ என்கிறார்கள். தூய்மையில் எனக்கும் விருப்பம் உண்டு, ஆனால் அந்தச் சொல் அகன்ற இலை மரங்களின் கட்டையைக் குறிக்கும் வனவியல் சொல்லாக ஏற்கெனவே வழங்குகிறது. அந்தக் கணக்கில் எல்லாத் தைலமரமும் வன்மரந்தான். குளிர் தாங்குவதும் வன்மரம், தாங்காததும் வன்மரம் என்றால் அந்த அடைமொழியால் என்ன பயன்? கட்டை உறுதியாக இருப்பது ஒன்று, செடி பிழைத்துக் கிடப்பது வேறொன்று. நம் கடற்கரையில் நிற்கும் முருங்கைக்கு வைரமே கிடையாது. ஆனாலும் ஒரு கோடை முழுவதும் தண்ணீர் காணாமல் நின்று, மழை விழுந்ததும் துளிர்க்கும்.

பிழையின் வேர், எதைத் தாங்கும் என்று கேட்காததில் இருக்கிறது. பிரிட்டனின் அரசத் தோட்டக்கலைச் சங்கம் செடிகளை எச்1 முதல் எச்7 வரை தரம் பிரிக்கிறது. அந்த அளவுகோல் முழுவதும் குளிரைப் பற்றியது. அங்கே ‘ஹார்டி’ என்று புகழப்படும் தைலமரங்களில் ஒன்று டாஸ்மேனியாவைச் சேர்ந்த ‘கன்னி’ (gunnii என்பது தாவரவியல் பெயர்) இனம். மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரையும் தாங்கும். தரையில் உறைபனியே காணாத ராமநாதபுரம் கரைக்கு இந்தத் தகுதியால் ஆவது ஒன்றுமில்லை. இங்கே மரத்துக்கு வரும் சோதனை உப்புக் காற்றும், உவர் நீரும், ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தால் நீளும் வறட்சியும். ஆஸ்திரேலியாவின் உலர்ந்த பகுதிகளில் ஆற்றோரம் வளரும் கமால்டுலென்சிஸ் இனம் வறட்சியையும் ஓரளவு உவரையும் தாங்கும். இரண்டையும் ‘கடினமான யூக்கலிப்டஸ்’ என்று ஒரே பெயரில் விற்றால், வாங்குபவர் எதை நம்பிக் குழி வெட்டுவார்?

நெல் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 நெல் 2009இல் வெளிவந்தபோது அதை வறட்சி தாங்கும் ரகம் என்றார்கள். கடினமான நெல் என்று ஒருவரும் சொல்லவில்லை. விவசாயி வாயில் ‘தாங்கும்’ தனியாக வராது. உப்புத் தாங்கும், வெயில் தாங்கும் என்று செயப்படுபொருளோடுதான் வரும். ஆகவே குளிர்நாட்டுக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது ‘உறைபனி தாங்கும் தைலமரம்’ என்றே எழுத வேண்டும். ‘பனி தாங்கும்’ என்று சுருக்கக் கூடாது; மார்கழிப் பனியை மட்டுமே அறிந்த நம்மவருக்கு அது விளங்காது. உதகைச் செய்திகளால் உறைபனி என்ற சொல் எல்லோருக்கும் பழகியதுதான்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழையும் உலவுகிறது. நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றைச் சிறிது சிறிதாக வெளியே வைத்து நடவுக்கு ஆயத்தம் செய்வதை ‘கடினப்படுத்துதல்’ என்று பயிற்சிக் கையேடுகள் எழுதுகின்றன. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு நாற்றங்கால் பக்கமே போகாத மொழிபெயர்ப்பாளரின் வேலை இது. கன்றுகளை வெயிலுக்குப் பழக்குதல் என்றால் தண்ணீர் ஊற்றும் பையனுக்கும் புரியும்.