பொறுப்புக்கூறல்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'அக்கவுண்டபிலிற்றி' எனப்படும் கருத்துக்கு இலங்கைத் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் பொறுப்புக்கூறல். தமிழ்நாட்டில் பொறுப்புடைமை என்றும் எழுதுவர். திருகோணமலையில் இச்சொல்லைக் கேட்பவருக்கு அரச நிருவாகம் முதலில் நினைவுக்கு வருவதில்லை. 2006 சனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் 5 மாணவர் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர் கொல்லப்பட்டதுமே நினைவுக்கு வரும். அந்தப் பாரம் சொல்லை விட்டு நீங்கவும் கூடாது. ஆயினும் பிரதேச செயலகத்தின் அன்றாடக் கோப்புக்கும் இச்சொல் உரியது என்பது அதனால் மறைந்துபோகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் எண்ணுதலைக் குறிக்கும் 'கொம்பியுற்றாரே'. பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லின் அடிப்பொருள் கணக்கு ஒப்புவித்தல். இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியம் எனப்படும் ஊர்ச்சபைக் குழுவில் பணி செய்து கணக்குக் காட்டாதிருந்தவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றோராக்குகிறது. உறவினரையும் சேர்த்து விலக்கியது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆனால் கணக்குக் காட்டாமையைப் பதவிக்கே தகுதியின்மையாகக் கொண்ட கடுமை கவனிக்கத்தக்கது.

ஆங்கிலத்தில் 'ரெஸ்பொன்சிபிலிற்றி' என்பது வேறு சொல். மறுமொழியாக வாக்களித்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்ப் பொறுப்போ பேச்சிலிருந்து பிறந்ததன்று. பொறு என்னும் வினைக்குச் சுமத்தல், தாங்குதல், சகித்தல் என்பன பொருள்; பொறை என்றால் சுமை. கருமபீடத்தில் "கொஞ்சம் பொறுங்கோ" என்று அலுவலர் சொல்லும்போது அதே வினை சுமையைப் பொதுமகன் தலைக்கு மாற்றிவிடுகிறது என்பது வேறு கதை.

ஆகவே பொறுப்புக்கூறலில் இரு செயல்கள் இணைந்துள்ளன: தாங்குதல், பின்னர் சொல்லுதல். நிருவாக அறத்தின் சிக்கல் இவை பிரிந்துபோகும் இடத்தில்தான் தொடங்குகிறது. குச்சவெளியில் காணி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்த ஒருவருடைய கோப்பு கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து காணித் திணைக்களத்துக்கும் சென்று திரும்புகையில், ஒவ்வொருவரும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று எழுதிவைத்தால் கூறல் குறைவின்றி நிறைவேறிவிடுகிறது. தாமதத்தைத் தன்னுடையதாகத் தாங்கியவர் மட்டும் எவருமில்லை. ஒழுக்காற்று விசாரணை விதி மீறியவரைப் பிடிக்கும். விதிப்படி எழுதிவிட்டு விண்ணப்பகாரரைக் கைவிட்டவரை அது பிடிக்காது. அவரிடம் கேட்க வேண்டியது அறம் பற்றிய கேள்வி.

சட்டமும் இப்பிரிவினையை ஓரளவு அறிந்திருக்கிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆங்கில வாசகம், அமைச்சரவை பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையதாகவும் பதில் கூறவேண்டியதாகவும் இருக்க வேண்டும் என இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அம்முடிவின் காரணத்தை அரச அலுவலர் கூற வேண்டும் என்றும் விதிக்கிறது. காரணம் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தவர் முடிவெடுக்கும்போதே சற்று நிதானிப்பார்.

'பதில்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. நம் அலுவலகங்களில் பதில் அரசாங்க அதிபர் என்றால் மறுமொழி சொல்பவர் என்று பொருளன்று; ஒருவருக்கு மாற்றாகக் கடமையாற்றுபவர். மாற்று என்பதே அவ்வரபு வழிச் சொல்லின் மூலப் பொருள். எனவே பதிலளிக்கும் கடப்பாடு என்னும் மொழிபெயர்ப்பை நான் விரும்புவதில்லை. அது நீளமானது, தாங்குதலையும் விட்டுவிடுகிறது. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் வகைகூறல் நல்ல பழைய சொல்லே. 'வகைசொல்' என்பது உத்தரவாதத்தைக் குறித்து முன்பே வழங்கியது. எனினும் இன்றைய பொதுவாசகருக்கு அது விளங்குவது அரிது.

பணம் பற்றிய இடத்தில் கணக்களிப்பு என்றும், சட்டவாசகத்தில் வகைகூறல் என்றும், அலுவலர் தம் முடிவையும் அதன் விளைவையும் ஏற்றுப் பேசும் இடத்தில் பொறுப்புக்கூறல் என்றும் எழுதுவதே பொருத்தம். வெறும் விளக்கக் கடிதத்துக்கு விளக்கம் என்ற சொல்லே போதும்.